மணி அடித்தால் விழும் எலிகளும் நானும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இருப்பது வலிப்பு நோய். மயக்கம் இல்லை, பித்தம் இல்லை, நரம்புத் தளர்ச்சி இல்லை. வலிப்பு. ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் இந்த ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களும் புழங்கின. இதை எழுதப்போகிறேன் என்றதும் என் நாத்தனார் லலிதா அக்கா போனிலேயே அழுதுவிட்டார். "வீட்ல பொண்ணு வளந்துகினு இருக்குது. நாளைக்கு சம்பந்தம் பேச வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றார். நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைதான் வரப்போகிறது, சம்பந்தம் இல்லை.

என் பெயர் கௌதமி. வயது நாற்பத்தொன்று. பிறந்தது கோலார் தங்கவயலில். கல்யாணமாகி வந்தது பெங்களூர் ஸ்ரீராமபுரத்துக்கு. மல்லேஸ்வரத்திலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி வந்தால் எங்கள் தெரு. கணவர் பாஸ்கர் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். நான் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிமல் ஹவுஸில், அதாவது சோதனை விலங்குகளை வளர்க்கும் கூடத்தில், பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். எலிகளுக்குத் தீனி, தண்ணீர், கூண்டு மாற்றுவது, குட்டி பிரிப்பது, எடை பார்ப்பது. எலிகள் என்னைப் பார்த்துப் பயப்படாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்களிடம் ஒரு தனி வகை எலி இருக்கிறது. பார்க்க மற்ற வெள்ளை எலிகளைப் போலத்தான் இருக்கும். சாப்பிடும், தூங்கும், குட்டி போடும். ஆனால் ஓங்கி ஒரு மணி அடித்தால் அதற்கு வலிப்பு வரும். ரம்யா மேடம் என்று ஒரு விஞ்ஞானி, சேலத்துக்காரர், இந்த எலிகளை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறார். எலியைப் பெட்டிக்குள் விட்டு, காதுக்கு உறை மாட்டிக்கொண்டு மணியை அழுத்துவது என் வேலை. சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு எலி வெறிபிடித்ததுபோல் ஓடும். சுவரில் மோதும், எகிறும். அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து, கால்கள் விறைத்து நீண்டு, உதறும். எத்தனை நொடி ஓடியது, எத்தனை நொடி உதறியது என்று பார்த்துப் படிவத்தில் எழுதுவேன். முடிந்ததும் கையில் எடுத்துத் துடைத்துக் கூண்டில் விடுவேன். பின்னொரு நாளில் அந்த எலியைக் கொன்று மூளையை எடுத்துக்கொடுப்பதும் நான்தான். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த மூளையை முடியைவிட மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் வைப்பார்கள். ரம்யா மேடம் எனக்கு நுண்ணோக்கியில் காட்டுவார். சத்தம் காதிலிருந்து மேலே போகும் வழியில், மூளைத்தண்டின் உச்சியில், மிளகைப் போல இரண்டு சின்ன மேடுகள் இருக்கின்றன. எலியின் வலிப்பு அங்கேதான் தொடங்குகிறது. மணிச் சத்தத்தையே கேட்டிராத குட்டியில்கூட அந்த மேட்டில் நரம்பணுக்கள் சாதாரண எலிக்கு இருப்பதுபோல இருப்பதில்லை. பிறவியிலேயே வேறு மாதிரி. மணியைத் திரும்பத் திரும்பக் கேட்ட எலியில் இன்னொன்றும் நடக்கும். வலிப்பு அந்த மேட்டோடு நிற்காமல் முன்மூளைக்குப் பரவும். நினைவுகளைச் சேர்த்துவைக்கும் வளைந்த பகுதி ஒன்று உண்டு. சில எலிகளுக்கு அங்கே நரம்பிழைகள் போகக்கூடாத இடத்துக்குக் கிளை விட்டிருக்கும்.

"எது முதல்லன்னுதான் நானும் தேடிட்டே இருக்கேன், கௌதமி. மூளை இப்படி இருக்கறதால ஃபிட்ஸ் வருதா, ஃபிட்ஸ் வந்து வந்து மூளை இப்படி ஆகுதா? ரெண்டும்தான்னு தோணுது" என்பார்.

எனக்கு முதல்முறை வந்தது கூடத்து வராந்தாவில், ஒரு மத்தியானம். இன்டர்காம் அடித்தது. எடுத்தேன். பேசியவர் எங்கள் பொறுப்பாளர் நாகராஜ் சார். வழக்கம்போலக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அதற்குள் வலது காதில் ஒரு ரீங்காரம் ஏறியது, டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் நின்றால் கேட்குமே, அது போல. அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் அது கன்னடமாக இல்லை. தமிழாகவும் இல்லை. வாய்க்குள் கூழாங்கல்லை உருட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது. நான் பதில் சொல்ல நினைத்தேன், எனக்கும் ஒரு சொல் கிடைக்கவில்லை. அரை நிமிடம் இருக்கும். திரும்பவும் கன்னடம் கன்னடமானது. "ஏனம்மா, நித்தே மாடிதியா?" என்று சிரித்தார். தூங்கிவிட்டாயா என்று கேட்கிறார். லைன் சரியில்லை சார் என்று சொன்னேன்.

அடுத்த மாதங்களில் அது ஏழெட்டு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் போன் அடித்து, எடுத்துக் காதில் வைத்த பிறகு. எலிகளின் மணி அறையில் ஒருமுறைகூட வரவில்லை. அதனால் நான் அதை வேறு ஏதோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறையில் மகளின் டியூஷனிலிருந்து வந்த அழைப்பை எடுத்தவள் கீழே விழுந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். கண் விழித்தபோது கையில் பாஸ்கரின் சாவிக்கொத்து இருந்தது. இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். தானாக நிற்கவேண்டிய நேரத்தில் நின்றது. படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். சாவி வேண்டாம், வெங்காயம் வேண்டாம், வாயில் கரண்டி நுழைக்கவே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி.

தெருமுனை நர்சிங் ஹோமில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படம் பிடிப்பது அது. படம் சுத்தமாக இருந்தது. அரைமணி நேரம் தலையில் கம்பி ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தை வரைந்து பார்க்கும் இ.இ.ஜி.யும் எடுத்தார்கள். அதுவும் சுத்தம். டாக்டர் டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். லலிதா அக்கா கோவிலுக்குப் போய்விட்டு வந்து நெற்றியில் குங்குமம் வைத்தார். "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. இனிமே யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசாத."

எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. மறுநாள் ரம்யா மேடத்திடம் கேட்டேன். "மேடம், நம்ம எலிய இந்த ஸ்கேன்ல வெச்சா வித்தியாசம் தெரியுமா?"

அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏன் கேக்கறீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரி ஸ்கேன்ல பெருசா இருக்கறதுதான் தெரியும். கட்டி, தழும்பு, சுருங்கினது, இப்படி. நாம பாக்கறது நரம்பணு அளவுல. அது படத்துல வராது. உங்க ஸ்கேன் சுத்தம்னா பெரிய கோளாறு இல்லைன்னு அர்த்தம். கோளாறே இல்லைன்னு அர்த்தம் இல்ல. ஆனா ஒண்ணு, கௌதமி. எலி எலிதான், நீங்க நீங்கதான். அதுல பாத்ததை அப்படியே உங்க மேல போட்டுக்காதீங்க. பெரிய டாக்டரைப் பாருங்க."

போட்டுக்கொள்ளக்கூடாது என்பது புரிந்தது. ஆனாலும் ஒருமுறை மணி கேட்ட எலியின் சீவலையும் இருபதுமுறை கேட்டதன் சீவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான். வரட்டும், போகட்டும் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். எலிக்கு எழுதுவதுபோலவே எனக்கும் எழுதத் தொடங்கினேன். நாள், நேரம், என்ன சத்தம், எந்தக் காது, எத்தனை நொடி, பேச்சு எப்போது திரும்பியது.

நரம்பியல் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில் காலை ஆறு மணிக்கே உட்கார இடம் இருக்காது. அத்திபெலே, ஓசூர் பக்கத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பி வந்தவர்கள் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். டோக்கன் எண்ணைக் கன்னடத்தில் கூப்பிடுவார்கள், தமிழில் பதில் வரும். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாவது தடவை டாக்டர் வீணாவின் அறைக்குள் போனேன். நடுவயதுக்காரர், மைசூர் பக்கம், அதிகம் பேசாதவர். என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இதை யாரு எழுதிக் கொடுத்தாங்க?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"நானேதான் மேடம்."

"தூக்க மாத்திரையை நிறுத்துங்க. அட்மிட் ஆகணும்" என்றார். "வர்றப்போ பிடிக்கணும். அதைக் கையும் களவுமா பிடிச்சாத்தான் எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரியும்."

அதன் பெயர் வீடியோ இ.இ.ஜி. தலை முழுக்கப் பசை வைத்து இருபதுக்கு மேல் கம்பிகளை ஒட்டி, துணியால் சுற்றி, கட்டிலுக்கு மேலே கேமரா வைத்து, பல நாள் விடாமல் பதிவு செய்வார்கள். கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது. கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் நர்ஸ் கூட வருவார், கம்பிக் கற்றையைக் குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு. தலை அரிக்கும், சொறியக்கூடாது. வலிப்பு வருவதுபோல் இருந்தால் அழுத்த ஒரு பொத்தான் கையில் கொடுத்திருந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஷாஹீன் இருந்தார், பிரேசர் டவுன்காரர், தையல் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சத்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வலிப்பு தானாகவே வரும். வந்த அன்றே இரண்டு வந்துவிட்டது. எனக்கு மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. அவரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? "லேலோ பெஹன், என்னுத எடுத்துக்கோ. என்கிட்ட நெறைய இருக்குது" என்று அவர் சிரித்தார்.

பாஸ்கர் லீவு போட்டுவிட்டு என் காலடியில் உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் தயிர்சாதம் பிசைந்து, மேலே மாதுளை முத்து தூவிக் கொண்டுவருவார். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் மாதுளை உரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. வார்டுக்குள் யார் நுழைந்தாலும், "போன சைலண்ட்ல போடுங்க சார், எங்க வீட்டம்மாவுக்கு ஆகாது" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்வார். அந்த அன்புதான் கோளாறு என்பது எனக்கு மூன்றாம் நாள் சாயங்காலம் உறைத்தது. என்னைச் சுற்றி ஒரு போன்கூட அடிக்கவில்லை. பின் எப்படி வரும்?

நான்காம் நாள் காலை ஓர் இளம் டாக்டர் வந்தார். பதிவில் எதுவும் இல்லை, கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறார்கள், இன்றைக்கு டிஸ்சார்ஜ் செய்துகொள்ளலாம் என்றார். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டையும் நீட்டினார். நான் அந்தச் சீட்டை வாங்கவில்லை.

"ஆலோசகரைப் பாக்கறதுல எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல சார். ஆனா இங்க நீங்க இன்னும் பாக்கவே இல்லையே" என்றேன். "நான் வேலை செய்யற எடத்துல எலிங்க இருக்குது. மணி அடிச்சாத்தான் விழும். மணியே அடிக்காம பெட்டிக்குள்ள வெச்சுட்டு, இந்த எலிக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதினா எங்க மேடம் என்னை வேலையவிட்டே அனுப்பிடுவாங்க. எனக்கு வர்றது போன் எடுக்கும்போது. போன் அடிங்க. அப்புறமும் வரலைன்னா நானே எழுந்து போறேன்."

குரல் உயர்ந்துவிட்டது. நர்ஸ் திரும்பிப் பார்த்தார். பாஸ்கர் என் முழங்காலைத் தொட்டு, "மெதுவா, மெதுவா" என்றார். இளம் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் நல்ல மனிதர். போய் டாக்டர் வீணாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் வீணா என் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "சரி, செய்யலாம். ஆனா நீங்க கையெழுத்துப் போடணும். பெருசா வந்தா நிறுத்தறதுக்கு ஊசி தயாரா இருக்கும்." கையில் ஊசிக்குழாய் ஏற்றினார்கள். மருந்தை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். முதலில் கம்ப்யூட்டரிலிருந்து பழைய போன் மணிச் சத்தத்தைப் பலமுறை போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. வெறும் மணி போதாது என்று சொன்னேன். எடுத்து, காதில் வைத்து, மறுமுனையில் ஒரு குரலைக் கேட்கவேண்டும்.

டாக்டர் பாஸ்கரைப் பார்த்தார். "நீங்க வெளியே போய் கால் பண்ணுங்க."

பாஸ்கர் எழுந்திருக்கவில்லை. "நான் போன் பண்ணி அவளுக்கு ஃபிட்ஸ் வரணுமா? முடியாது மேடம். வேற யாரையாச்சும் சொல்லுங்க."

"என்னங்க, இங்க பாருங்க" என்றேன். "வந்துட்டா இன்னைக்கே மருந்து தெரிஞ்சுடும். வரலைன்னா எனக்கு டென்ஷன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் ஒரு நாள் அடுப்புகிட்ட விழுவேன். எது வேணும் உங்களுக்கு?"

"இன்னா பேசறதுன்னே தெரியலியே, கௌதமி."

"எதையாச்சும் பேசுங்க."

போனார். என் போன் அடித்தது. எடுத்தேன். "கௌதமி, நல்லாகீறியா?" என்றார், ஒரு நிமிடத்துக்கு முன்னால் என்னைப் பார்த்தவர். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது முறை அடித்தது. அப்போதும் வரவில்லை. இளம் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் வீணா ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒருமுறை.

மூன்றாவது முறை பாஸ்கருக்குப் பேச எதுவும் மிச்சமில்லை. வராந்தாவில் கேன்டீன் பலகையைப் பார்த்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். "இட்லி இருக்குது. வடை இருக்குது. பிசிபேளேபாத், கேசரிபாத், காராபாத்..." காராபாத்துக்கு அப்புறம் ரீங்காரம் வந்தது. அவர் குரல் கரைந்து கூழாங்கல்லானது. பொத்தானை அழுத்தினேன். டாக்டர் என் முகத்துக்கு நேராகக் குனிந்து ஏதோ கேட்டார். வாய் அசைந்தது, சத்தம் வந்தது, அர்த்தம் மட்டும் இல்லை. ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டினார். அது என்ன என்று எனக்குத் தெரியும். அதன் பெயர்தான் உலகத்திலேயே இல்லாமல் போயிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதே சமயத்தில் உள்ளே எங்கோ ஓர் ஓரத்தில், பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

ஊசி தேவைப்படவில்லை. ஐம்பது நொடியில் தெளிந்துவிட்டது. "பேனா" என்று சொன்னேன், யாரும் கேட்காமலே. ஷாஹீன் பக்கத்துக் கட்டிலிலிருந்து கை தட்டினார். ஒருத்திக்கு வலிப்பு வந்ததற்காக ஒரு வார்டே சிரித்தது அன்றைக்குத்தான் இருக்கும். பாஸ்கர் மட்டும் வாசலில் நின்று, போனை இன்னும் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

டாக்டர் வீணா திரையைத் திருப்பிக் காட்டினார். அமைதியாக ஓடிய கோடுகளில் ஓரிடத்தில் இரண்டு மூன்று கோடுகள் மட்டும் பல் பல்லாக எகிறியிருந்தன. இடது காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்குப் பின்னால். கேட்ட ஒலியைச் சொல்லாகப் புரிந்துகொள்ளும் இடம் அது. "எலிக்கு ஆரம்பிக்கிற இடம் வேற, உங்களுக்கு வேற. ஆனா ரெண்டு பேருக்கும் கதவைத் தட்டறது சத்தம்தான். இந்த வகைக்கு மாத்திரை பெரும்பாலும் நல்லா கேக்கும்" என்றார்.

அன்று பகல் முழுக்க எலிகளைப் பற்றி யோசித்தேன். பெட்டிக்குள் விட்டு மணி அடித்த கை என்னுடையது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் அவற்றுக்குப் புரியப்போவதில்லை. அந்தச் சீவல்களைப் பார்த்திருக்காவிட்டால் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நியாயம்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. படியில் இறங்கும்போது பாஸ்கரின் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். போகப் போகச் சரியாயிற்று. நான் படுத்திருந்தபோதே நாகராஜ் சார் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். என் 'சொந்த விருப்பத்தின்பேரில்' தோட்டப் பிரிவுக்கு நான் மாறிக்கொள்வதாக எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். நேரில் போய் அந்தத் தாளை அவர் மேஜையில் வைத்தேன். "மணி ரூமுக்குள்ள போகமாட்டேன் சார், அதை நானே முடிவு பண்ணிட்டேன். டாக்டர் லெட்டர் இதோ. கூண்டுங்க எல்லாம் என்னுது. செடிக்குத் தண்ணி ஊத்த நான் விருப்பப்படல. விருப்பம்னு எழுதினா பொய்." அவர் ரம்யா மேடத்தைக் கூப்பிட்டுப் பேசினார், மேலதிகாரிகளிடம் பேசினார். பத்து நாள் கழித்து நான் என் கூண்டுகளுக்குத் திரும்பினேன்.

ஆனால் உண்மையில் என்னைக் கலங்கடித்தது டாக்டர் வீணா டிஸ்சார்ஜ் அன்று கேட்ட கேள்வி. "இது பல சமயம் குடும்பத்துல ஓடும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது பேசிட்டே இருக்கும்போது திடீர்னு அப்படியே நின்னுபோகுமா?"

என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். ஷிஃப்ட் சங்கு ஊதும்போது சில நாள் தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நிற்பார். கேட்டால் பதில் வராது, உளறுவார். குடித்திருக்கிறான் என்று சொல்லி அவரை ஆழத்திலிருந்து மேலே துப்புரவு வேலைக்கு மாற்றினார்கள். அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடிகாரன் என்ற பெயரோடே செத்தார். டாக்டர் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது.

சித்தார்த்தன் அண்ணன் தங்கவயலில் இருக்கிறான். தினமும் விடியற்காலையில் பதின்மூன்று பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு கார்மென்ட் ஃபேக்டரிக்குக் கொண்டுபோய் விடுகிறவன். போனில் பேசும்போது நடுவில் அவன் பேச்சு அறுந்துபோகும். கொஞ்ச நேரம் கழித்து, "லைன் சரியில்லடி" என்பான். லைன் சரியில்லை என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

போன் செய்து கேட்டேன். "பைத்தியமா உனக்கு? உனக்கு வந்தா ஊருக்கே வரணுமா?" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலேறி நானும் பாஸ்கரும் நேரில் போனோம். அண்ணி சாப்பாடு போட்டார். அண்ணன் தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. "அண்ணா, ஒரு தடவை வந்து காட்டு. இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றேன். "வந்து காட்டினா லைசென்ஸ் போயிடும். நீ சோறு போடுவியா?" என்றான். அண்ணி சமையலறையிலிருந்து, "போன மாசம் ஹாரன் அடிச்சப்போ ரோட்டோரமா நிறுத்திட்டு அப்படியே உக்காந்துகினு இருந்தாரு" என்று மெல்லச் சொன்னார். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அப்போ நாளைக்கு காலையில வண்டிகிட்ட நான் நிப்பேன்" என்றேன். "ஏறுற ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லுவேன்."

"சொல்லு பாக்கலாம்."

மறுநாள் வெளிச்சம் வரும்போதே வேன் பக்கத்தில் நின்றேன். பாஸ்கர் தூரத்தில் நின்றார். பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு, டிபன் டப்பாவோடு ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். "நான் சித்தார்த்தனோட தங்கச்சி. எனக்கு வலிப்பு நோய் இருக்குது" என்று தொடங்கினேன். "எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. எங்க அண்ணனுக்கும்..." என்று சொல்லும்போது வேன் கதவு திறந்தது. அண்ணன் கீழே இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணிடம், "இன்னைக்கு வண்டி வராதும்மா. பஸ்ஸுல போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பத்து நாள் கழித்து ரயிலில் வந்தான். நானும் அவனும் நரம்பியல் ஆஸ்பத்திரிக் கூடத்தில் காலை முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வீணா அவனிடம் அரைமணி நேரம் கேட்டார். எத்தனை வருஷமா வருது என்று கேட்டபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பன்னெண்டு, பதிமூணு வருஷம் இருக்கும்" என்றான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். மாத்திரை எழுதினார். இனிமேல் அவர் சொல்லும்வரை எந்த வண்டியையும் ஓட்டக்கூடாது என்றார், பயணிகள் வண்டியை எப்போதுமே கூடாது என்றார்.

வெளியே வந்ததும் மரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். மருந்துச் சீட்டை நான்காக மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"உன்னாலதான்டி என் பொழப்பு போச்சு" என்றான்.

"ஆமா" என்றேன். "என்னாலதான்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், அன்றைக்கு முதல் தடவையாக. நான் கண்ணை எடுக்கவில்லை. மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டி, "இதை எந்த ஜன்னல்ல குடுக்கணும்?" என்று கேட்டான். எழுந்து, அவனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.